கொரோனா ஊரடங்கில் உங்கள் தெருவில் ஒருவருக்கொருவர் எப்படி உதவிக்கொண்டீர்கள்?

உதவினோம். அதற்கு முன்னால் மூன்று நாள் கேவலமாக நடந்துகொண்டோம், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சென்னை சூளைமேட்டில் ஒரு சந்து எங்களுடையது. எதிர்வீட்டு மாடியில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் குடியிருந்தார். கோயம்பேடு சந்தையில் காய் ஏற்றிவந்து கடைகளுக்கு இறக்குவதுதான் அவர் பிழைப்பு. 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூட இருக்காது என்று அறிவித்ததும் ஊரே முண்டியடித்துக்கொண்டு கடைக்கு ஓடியது. எங்கள் சந்தில் யாருக்கும் அந்த அவஸ்தை இல்லை. முந்தின நாள் விடியற்காலையிலேயே அண்ணன் தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய் என்று இறக்கி, வாங்கின விலைக்கே பிரித்துக் கொடுத்தார். கொத்தமல்லி சும்மா.

அடுத்த வாரமே கோயம்பேடு தொற்றுதான் எல்லா டிவியிலும். மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அண்ணனுக்கும் பாசிட்டிவ் என்று ஆம்புலன்ஸ் வந்து அழைத்துப்போனது. வீட்டில் அவர் மனைவி அக்காவும் இரண்டு பிள்ளைகளும். கதவில் ஸ்டிக்கர், படிக்கட்டை அடைத்துத் தகரம். அவர் கொடுத்த வெங்காயம் இன்னும் எங்கள் கூடையில் கிடக்க, அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினோம். அம்மா அந்த வெங்காயத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் காயவைத்தார். நானும் கூடமாட நின்றேன்.

முதலில் இறங்கியது எங்கள் கீழ்வீட்டுப் பாட்டிதான். நான்காம் நாள் காலை நடுத்தெருவில் நின்று, “ஏண்டி, துணி காயப்போடுற கயிறு இருக்கா? அவுத்துக் கீழ விடு!” என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். கயிறு வந்தது. அதன் நுனியில் பழைய பெயின்ட் வாளியைக் கட்டி, உள்ளே ஒரு தூக்கு ரசத்தை வைத்து அனுப்பினார்.

அப்புறம் தெருவே முறை போட்டுக்கொண்டது. பால் பாக்கெட், அம்மா உணவகத்து இட்லி, கபசுரக் குடிநீர் எல்லாம் வாளியில் ஏறின. கபசுரம் மட்டும் பாதி டம்ளராகத் திரும்பிவரும், பிள்ளைகள் வேலை. என் பங்கு அக்காவின் போனுக்கு ரீசார்ஜ். இதைச் சேவை என்று சொன்னால் பொய். பழைய கடன்.

அண்ணன் தேறி வந்தபோது மொத்தக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போயிருந்தது. அங்கே மழைச்சேற்றில் வண்டி மாட்டிக்கொள்வதைத் திட்டிக்கொண்டே மறுபடி எங்களுக்கும் காய் கொண்டுவந்தார். கொத்தமல்லிக்கு மட்டும் காசு வாங்கினார். ஏன் என்று கேட்கிற முகம் எங்களுக்கு ஏது?