தனித் தம்ளர் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்

கேள்வி: என் கணவருக்கு (வயது 44) சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்து, பத்து நாளாக மாத்திரை சாப்பிடுகிறார். தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் மற்றவர்களுக்குப் பரவாது என்கிறார் மாமியார். தட்டு, தம்ளரையும் தனியாக வைத்துவிட்டார். இதற்கிடையில் நர்ஸம்மா வந்து, எனக்கும் பிள்ளைகளுக்கும் (12, 4 வயது) எக்ஸ்ரே எடுக்கணும், நோய் இல்லையென்றாலும் மாத்திரை சாப்பிடணும் என்கிறார். நன்றாக ஓடியாடும் பிள்ளைகளுக்கு எதற்கு மாத்திரை?
- ஒரு வாசகி, செய்யாறு

பதில்: மாமியார் சொல்வது அந்தக் காலத்து நியாயம்மா. தாம்பரத்தில் 1928-ல் சானடோரியம் (டி.பி. நோயாளிகள் தங்கி வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி) வந்தபோது டி.பி.க்கு மருந்தே கிடையாது. ஓய்வு, சத்தான சாப்பாடு, நல்ல காற்று, அவ்வளவுதான். அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான்.

மருந்து வந்த பிறகு, 1956-ல், சென்னையிலேயே ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்தில், மீதிப் பேர் அவரவர் வீட்டில். ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், இடமும் நெருக்கடி. அப்படியும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட வசித்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. 1959-ல் வந்த இந்த முடிவுதான் உலகம் முழுக்க டி.பி. வைத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

நோய் பரவுவது பெரும்பாலும் மாத்திரை தொடங்குவதற்கு முன்புதான். அவர் இருமிக்கொண்டிருந்த நாட்களில் எல்லோரும் ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பீர்கள், அப்போது. மருந்து ஒழுங்காக உள்ளே போனால் சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இப்போதைக்கு ஜன்னல் திறந்திருக்கட்டும், இருமும்போது துண்டால் வாயை மூடட்டும். தட்டிலும் தம்ளரிலும் டி.பி. ஒட்டாது. என்னிடம் வந்த ஒருவருக்கு, குணமாகி இரண்டு வருடம் ஆன பிறகும் காபி திண்ணையில் தனியாக வைத்த அதே தம்ளரில்தான் வந்ததாம்.

இனி பிள்ளைகள். கிருமி உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்தால் இருமல் வராது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. அது எழுந்திருக்காமல் தடுக்கத்தான் இந்த மாத்திரை: ஆறு மாதம் தினமும், அல்லது வாரம் ஒருமுறையாக மூன்று மாதம். நாலு வயதுக்காரனுக்கு இது கட்டாயம். அந்த வயதில் டி.பி. மூளைக்குப் போனால் விபரீதம். ஆனால் முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் மாத்திரை. நோய் உள்ளவருக்குத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். சாப்பிடும்போது வாந்தி நிற்காவிட்டாலோ கண் மஞ்சளித்தாலோ நிறுத்திவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு (பி.எச்.சி.) போங்கள். நீங்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் நர்ஸம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளி வீட்டாருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அரசு உங்கள் கணவருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள், முட்டைக்கும் பருப்புக்கும் ஆகும்.

அவருக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த ஆறு மாதம் தொடவே கூடாது, கல்லீரல் தாங்காது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம். மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அவரை எடை மெஷினில் ஏறச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் எடை கூடவில்லை என்றால் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.