எருமைக்குத் தேதி தாண்டிவிட்டதா? பசுமாட்டுச் சக்கரம் காட்டிய கணக்கு

கேள்வி: டாக்டர் ஐயா, எங்க முர்ரா கலப்பு எருமைக்கு பிப்ரவரி 14-ம் தேதி சினை ஊசி போட்டோம். மே மாசம் டாக்டர் வந்து கைவிட்டுப் பார்த்து மூணு மாசச் சினைன்னு உறுதி சொன்னார். போன வருசம் மாட்டு முகாமில் கொடுத்த அட்டைச் சக்கரம் ஒண்ணு வீட்டில் இருக்கு. ரெண்டு அட்டைக்கு நடுவே வட்டம் சுத்தும், ஜன்னலில் கன்று போடும் தேதி தெரியும். அதில் நவம்பர் 24-ன்னு வந்தது. அதை நம்பி செப்டம்பர் 25-லேயே பாலை வற்றவிட்டோம். இன்னைக்கு டிசம்பர் 10. மடி இறங்கவே இல்லை. எருமை நல்லாத் தின்னுது, அசை போடுது. "நாள் தாண்டிடுச்சு, ஊசி போட்டு இறக்கிடலாம், இல்லேன்னா கன்று உள்ளேயே செத்துடும்"னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றார். போடலாமா? எங்க ஆடுகளுக்கும் இதே சக்கரத்தைப் பார்க்கலாமா? (ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் விவசாயி)

பதில்: அம்மா, முதலில் அந்த ஊசி வேண்டாம். யார் சொன்னாலும் போடாதீர்கள். உங்கள் எருமைக்கு நாள் தாண்டவில்லை, இன்னும் நாள் இருக்கிறது.

நீங்கள் எழுதிய இரண்டு தேதிகளிலேயே விடை இருக்கிறது. பிப்ரவரி 14-லிருந்து நவம்பர் 24 வரை எண்ணினால் 283 நாள் வரும். அது பசுமாட்டின் சினைக்காலம். எருமைக்குச் சராசரியாக 310 நாள் ஆகும். உங்கள் கையில் இருப்பது பசுவுக்காக அச்சடித்த சக்கரம். அதில் எருமையின் தேதியை வைத்திருக்கிறீர்கள். சக்கரம் தன் கணக்கைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, ஆனால் அது வேறொரு மாட்டின் கணக்கு. பிப்ரவரி 14-லிருந்து 310 நாள் என்றால் டிசம்பர் 21. எருமையில் பத்து நாள் முன்பின் சகஜம் என்பதால், டிசம்பர் 11 முதல் 31 வரை எந்த நாளில் ஈன்றாலும் அது சரியான நாள்தான். இன்றைக்கு 299-வது நாள் நடக்கிறது.

இந்த நேரத்தில் ஊசி போட்டு இறக்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருப்பை வாய் திறக்காத நிலையில் கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்தைப் போட்டால் தாய்க்கும் கன்றுக்கும் உயிராபத்து. வேறு மருந்தால் வலி வரவழைத்தாலும், நாள் நிறையாத கன்று எழுந்து நின்று காம்பைப் பிடிக்கவே திணறும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கிப்போவதும் இப்படி இறக்கிய மாடுகளில்தான் அதிகம். கருப்பையில் புண்ணாகி, அடுத்த சினை பிடிக்க மாதக்கணக்கில் இழுக்கும். கால்நடை மருத்துவர் நேரில் பரிசோதித்து, காரணம் சொல்லி, அவரே போட்டால் அது வேறு. ஒரு தேதியை மட்டும் பார்த்துப் போடுகிற ஊசி அல்ல இது.

மடி இறங்கவில்லை என்ற கவலையும் வேண்டாம். தலைச்சன் எருமைக்குத்தான் ஒன்றிரண்டு மாதம் முன்பே மடி தெரிய ஆரம்பிக்கும். ஏற்கெனவே கறந்துகொண்டிருந்ததை வற்றவிட்டிருக்கிறீர்கள் என்றால் இது இரண்டாம் ஈற்றோ அதற்கு மேலோ. அப்படிப்பட்ட எருமைக்குக் கடைசி ஒன்றிரண்டு வாரத்தில்தான் மடி கட்டும்.

உண்மையில் உங்களுக்கு நட்டமானது பால்தான். டிசம்பர் 21-க்கு 60 நாள் முன்பு, அதாவது அக்டோபர் 22-ல் வற்றவிட்டிருந்தால் போதும். 27 நாள் முந்திவிட்டீர்கள். நாளுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் 54 லிட்டர். போனது போகட்டும், அந்த ஓய்வால் எருமைக்குக் கெடுதல் ஒன்றுமில்லை.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் வேலை பார்த்த காலமெல்லாம் சினை ஊசிப் பதிவேட்டுக்குள் ஒரு சக்கரம் செருகியே இருக்கும். மின்சாரம் வேண்டாம், போன் வேண்டாம், படிக்காதவர்கூடப் பழகிக்கொள்ளலாம். மேலட்டை, கீழட்டை, நடுவில் 365 நாளும் அச்சடித்த வட்டம், மூன்றையும் சேர்த்து மையத்தில் ஒரு ரிவெட், அவ்வளவுதான். வட்டத்தின் விளிம்பு அட்டைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் தள்ளி, ஊசி போட்ட தேதியை அம்புக்குறிக்கு நேரே கொண்டுவந்தால் கன்று போடும் தேதி ஜன்னலில் வந்து நிற்கும். அம்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி விட்டு அட்டையை வெட்டியிருக்கிறார்களோ அத்தனை நாள்தான் அதற்குத் தெரியும். கீழே கட்டியிருப்பது பசுவா எருமையா என்று அட்டைக்குத் தெரியாது.

அதனால் யார் எந்தச் சக்கரத்தைக் கொடுத்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஜனவரி 1-ஐ அம்புக்குறிக்கு நேரே வையுங்கள். ஜன்னலில் அக்டோபர் 8-லிருந்து 11-க்குள் வந்தால் அது பசுவுக்கு. நவம்பர் 7-ஐ ஒட்டி வந்தால் எருமைக்கு. மே 31 பக்கம் வந்தால் ஆட்டுக்கு. அரை நிமிட வேலை. பசுவுக்கே மூன்று நாள் வித்தியாசம் வருவதற்குக் காரணம், சிலர் 280 நாளும் சிலர் 283 நாளும் எடுத்துக்கொள்வதுதான். ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்புப் பசுக்கள் 280-ஐ ஒட்டி ஈனும், நாட்டு மாடுகள் சில நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். காளைக்கன்று என்றால் ஓரிரு நாள் தள்ளும், இரட்டைக் கன்று என்றால் முந்தும். லீப் வருடத்தில் பிப்ரவரி 29 நடுவே வந்தால் ஒரு நாள் மாறும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அட்டையைத் திருப்பியும் பாருங்கள். சில சக்கரங்களில் முன்பக்கம் பசுவுக்கும் பின்பக்கம் எருமைக்கும் தனித்தனி ஜன்னல் வெட்டியிருப்பார்கள். வட்டத்தின் இரண்டு முகத்திலும் தேதி இருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் பின்பக்கம் ஒன்று இருப்பதையே கவனிப்பதில்லை. உங்களுடையதில் பின்னால் மருந்து விளம்பரம் மட்டும் இருந்தால், ஒரு பேனாவை எடுத்து ஜன்னல் பக்கத்திலேயே "எருமைக்கு 27 நாள் கூட்டு" என்று எழுதிவையுங்கள். உங்கள் சக்கரம் 283 நாள் சக்கரம் என்பதால் இந்த 27 கணக்கு. 280 நாள் சக்கரமாக இருந்தால் 30 நாள் கூட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு நாள் பார்க்கும் சக்கரமும் இதே வடிவம்தான். அதையும் மாட்டுக்கு வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் எண்ணுவது. மாட்டுக்கு நாம் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணுகிறோம். எண் தற்செயலாக ஒத்துப்போவதால் பசுவுக்கு ஏறக்குறைய சரியாக வந்துவிடும். அந்த நம்பிக்கையில் எருமைக்கும் வைத்தால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

எருமைக்கென்று தனியாக ஒன்று வேண்டுமானால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், நான் செய்து பார்த்த முறையைச் சொல்கிறேன். வருடம் முடிகிறது, தினசரி காலண்டரின் கெட்டி அட்டை எப்படியும் கையில் இருக்கும். அதில் 11.6 சென்டிமீட்டர் ஆரம் வைத்து ஒரு வட்டம் வெட்டுங்கள். அதன் சுற்றளவு 73 சென்டிமீட்டர் வரும், ஒரு நாளுக்குச் சரியாக 2 மில்லிமீட்டர். 73 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு காகித நாடாவை வெட்டி, அதில் 31 நாள் மாதத்துக்கு 6.2, 30 நாள் மாதத்துக்கு 6, பிப்ரவரிக்கு 5.6 சென்டிமீட்டர் என்று கோடு போட்டு, உள்ளே நாள்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நாடாவை வட்டத்தின் விளிம்பைச் சுற்றிப் பிடித்து, கோடுகளை அட்டை முகத்துக்கு மாற்றிவிடலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடும்.

கீழட்டையின் மேல் வட்டத்தை வையுங்கள். ஜனவரி 1 எங்கே நிற்கிறதோ அங்கே கீழட்டையில் ஓர் அம்பு போடுங்கள். வட்டத்தை நகர்த்தாமல், ஜனவரி 22-க்கு நேரே "மறுபருவம் கவனி" என்றும், ஏப்ரல் 1-க்கு நேரே "சினை பார்" என்றும், செப்டம்பர் 8-க்கு நேரே "பால் வற்றவிடு" என்றும், நவம்பர் 7-க்கு நேரே "கன்று" என்றும் எழுதுங்கள். 21, 90, 250, 310 நாள்கள் அவை. மேலட்டையில் அந்தந்த இடத்துக்கு நேரே ஜன்னல் வெட்டி மூடிவிட்டால் வேலை முடிந்தது. மையத்தில் ஐலெட் (ஓட்டைக்கு அடிக்கும் உலோக வளையம்) அடிக்க, பை தைக்கும் கடையில் கொடுங்கள். ரொம்ப இறுக்கி அடித்தால் சுற்றாது, தளர்ந்தால் வட்டம் தானாக வழுக்கி இரண்டு நாள் தள்ளி நிற்கும். முடித்ததும் ஒரு பாலித்தீன் உறையில் போட்டு வீட்டுக்குள் மாட்டுங்கள். கொட்டகையில் மாட்டினால் ஈரத்தில் அட்டை உப்பி வட்டம் சிக்கிக்கொள்ளும், இந்த ஐப்பசி கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம்.

அந்த "மறுபருவம் கவனி" ஜன்னல் எருமைக்கு ரொம்ப முக்கியம். பசு பருவத்துக்கு வந்தால் கத்தி ஊரைக் கூட்டும். எருமைக்குப் பெரும்பாலும் ஊமைப் பருவம். பிறப்புறுப்பிலிருந்து கோழைபோல் கொஞ்சம் வழும்பு, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர், கறவையில் சின்னக் குறைவு, அதுவும் இரவிலும் விடிகாலையிலும். ஊசி போட்டு 18-வது நாளிலிருந்து 24-வது நாள் வரை தினமும் விடியற்காலை அது படுத்திருந்த இடத்தில் வழும்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சினை பிடிக்காமல் பருவம் திரும்பி மறு ஊசி போட்டால், சக்கரத்தில் வைக்க வேண்டியது கடைசி ஊசியின் தேதியைத்தான். முதல் ஊசித் தேதியிலேயே நின்றுவிட்டு 21 நாள் முன்பே கலங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி இந்த மூன்று வாரம் என்ன செய்வது? எருமையைக் குளத்துக்கோ வழுக்கும் சேற்றுக்கோ ஓட்டாதீர்கள். மேடு பள்ளம் இல்லாத, காய்ந்த வைக்கோல் பரப்பிய இடத்தில் தனியாகக் கட்டுங்கள். நாளுக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ அடர்தீவனத்தைக் கூட்டிக் கொடுங்கள், ஒரே நாளில் கூட்டாமல் வாரம் முழுக்கப் படிப்படியாக. வால் அடியின் இரு பக்கமும் குழி விழுவது, அறை (பிறப்புறுப்பு) வீங்கித் தளர்வது, மடி பளபளப்பது, கண்ணாடி போல் வழும்பு தொங்குவது, இவையெல்லாம் நாள் நெருங்கியதன் அடையாளம்.

எருமையில் ஒன்றுக்கு மட்டும் நான் உண்மையிலேயே பயப்படுவேன், அது கருப்பை முறுக்கு. எழுந்து எழுந்து படுக்கும், வயிற்றைக் காலால் உதைக்கும், தீவனத்தைத் தொடாது, ஆனால் பனிக்குடம் வராது. வலி வந்ததுபோல் இருந்து அப்படியே அடங்கியும் போகும். "வலி நின்றுவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் கன்றோடு எருமையும் போய்விடும். இந்த அடையாளம் கண்டால் இரவானாலும் காத்திருக்காமல் கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள், அல்லது உங்கள் மருந்தக மருத்துவரைக் கூப்பிடுங்கள். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரத்தில் கன்று வராவிட்டாலும், நாற்றமுள்ள கழிவு வந்தாலும், படுக்கும்போது பின்னால் சிவந்த சதை தள்ளினாலும் அதேதான். இவை எதுவும் இல்லாமல் டிசம்பர் 31 தாண்டினால், 320 நாள் கடந்துவிட்டது என்று சொல்லி மருத்துவரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஈன்ற பிறகு நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழவில்லையென்றால் கையால் இழுக்காதீர்கள், கல் கட்டித் தொங்கவிடாதீர்கள், அதற்கும் மருத்துவர்தான். கன்றுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டிவிடுங்கள், கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆட்டுக்கு இந்தச் சக்கரம் உதவாது. ஆட்டின் சினைக்காலம் 150 நாள், உங்கள் சக்கரத்தில் அதற்கு ஜன்னல் இல்லை. ஆட்டுக்குச் சக்கரமே தேவையில்லை, கிடா சேர்ந்த தேதியிலிருந்து ஐந்து மாதம் எண்ணினால் ஓரிரு நாள் முன்பின்னாகச் சரியாக இருக்கும். கிடா மந்தையிலேயே சுற்றுகிறது, சேர்ந்த தேதியே தெரியாது என்றால் எந்தச் சக்கரமும் பதில் சொல்லாது. மடியையும் வயிற்றையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் எருமை ஈன்றதும் அந்தத் தேதியைச் சக்கரத்தின் கீழட்டையிலேயே எழுதிவிடுங்கள், ஊசித் தேதியையும் பக்கத்தில். 304-வது நாளில் ஈன்றதா, 315-வது நாளில் ஈன்றதா என்று உங்கள் எருமையின் கணக்கே உங்கள் கையில் இருந்தால், அடுத்த ஈற்றுக்குப் பாலை எப்போது வற்றவிடுவது என்று அதை வைத்தே முடிவு செய்யலாம். கன்று போட்டதும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள் அம்மா, கிடேரியா காளையா என்று.