பழுதான மைட்டோகாண்ட்ரியாவை செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் செல் அதை எப்படி அகற்றுகிறது, முதுமைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்டுபிடிக்கும் விதம்தான் அழகு. பிங்க்1 என்ற புரதம் ஓயாமல் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுக்கப்பட்டு, வெட்டுப்பட்டு அழிந்துகொண்டே இருக்கும். உள்சவ்வின் மின்னழுத்தம் விழுந்துவிட்டால் உள்ளே இழுக்க வழியில்லை; பிங்க்1 வாசலிலேயே குவிந்துவிடும். அதுதான் அபாய மணி. உடனே பார்க்கின் என்ற இன்னொரு புரதம் வந்து ‘இதை அகற்று’ என்று சொல்லும் யுபிக்விட்டின் சீட்டுகளை ஒட்டும். அப்புறம் ஒரு சவ்வுப் பை முழுசாகச் சுருட்டி செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சேர்க்கும். அங்கே எல்லாம் செரித்துவிடும்.

வயதாக ஆக இந்த வேலை பல திசுக்களில் மந்தமாகிறது. பிங்க்1 அல்லது பார்க்கின் மரபணுவின் இரு பிரதிகளும் கெட்டவர்களுக்கு இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வருவதுண்டு.

மாதுளைச் சத்திலிருந்து குடல் பாக்டீரியா உண்டாக்கும் யூரோலித்தின் ஏ என்ற பொருள், இந்த அகற்றும் வேலையைத் தூண்டி, புழுக்களின் ஆயுளை நீட்டியதாக 2016-இல் ஆய்வு வந்தது. அதைக் காட்டி மனிதருக்கு ஆயுள் மாத்திரை விற்பது அவசரக் குடுக்கைத்தனம். அந்த பாக்டீரியா எல்லார் குடலிலும் இருப்பதுமில்லை.