டைல்ஸ் போட ஒரு இயந்திரம்: கேள்வி பதில்

லாஸ்பேட்டை மாணவர்: சார், கடைசி வருட புராஜெக்டாக தரைக்கு டைல்ஸ் போடும் ரோபோ செய்யப் போகிறோம். எதிலிருந்து ஆரம்பிப்பது?

முதலில் தரையைப் பாருங்கள் தம்பி, ரோபோ கை அப்புறம். நம் பக்கம் கலவையைக் கனமாகக் கொட்டி, டைல்ஸை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தட்டும்போது வெற்றுச் சத்தம் கேட்டால் மேஸ்திரி டைல்ஸை எடுத்து, கலவை சேர்த்து, மறுபடி வைப்பார். அந்தக் காதை இயந்திரத்துக்குக் கொடுப்பது கஷ்டம். அதனால் தளத்தை முன்கூட்டியே மட்டமாக்கிக் காயவிட்டு, மேலே டைல்ஸ் ஒட்டும் பேஸ்டை இழுத்து ஒட்டும் முறைக்கு வடிவமையுங்கள். ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரமுள்ள பேஸ்டாக வாங்குங்கள்.

அவரே: டைல்ஸைத் தூக்க ரோபோ கையில் உறிஞ்சும் கப் வைத்தால் எடையைத் தாங்குமா?

தாராளமாக. 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு கப், வெளிக்காற்றைவிட 0.6 பார் குறைந்த அழுத்தத்தில், கணக்குப்படி 48 கிலோ பிடிக்கும். 9 மி.மீ. கனமுள்ள 4x2 அடி டைல்ஸ் 15 கிலோ பக்கம்தான். தூசியும் சொரசொரப்பும்தான் எதிரி. மேட் டைல்ஸுக்கு ஸ்பாஞ்ச் விளிம்பு வைத்த கப் போடுங்கள்.

தட்டாஞ்சாவடி பட்டறைக்காரர்: சோதனை ஓட்டத்தில் வரிசை போகப் போகக் கோணுகிறது. ஏன்?

முந்தைய டைல்ஸின் விளிம்பை மட்டும் பார்த்து அடுத்ததை வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே பக்கமாக அரை மி.மீ. பிசகினால் இருபதாவது டைல்ஸில் அது 10 மி.மீ. கொத்தனார் நூல் கட்டுவதே இதற்காகத்தானே! உங்கள் இயந்திரத்துக்கு லேசர்தான் நூல். டைல்ஸ் வைக்கும் இடத்தை லேசர் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். பக்கத்து டைல்ஸோடு இடைவெளி சரியா என்று பார்க்க மட்டும் கேமரா. டைல்ஸின் அளவும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும், அதை இடைவெளிதான் விழுங்க வேண்டும். 1 மி.மீ. இடைவெளிக்கு ஆசைப்படாமல் 3 மி.மீ. ஸ்பேசரில் (இடைவெளிக்காக நடுவில் வைக்கும் துண்டு) தொடங்குங்கள். நீள டைல்ஸ் நடுவில் லேசாக வளைந்திருக்கும். செங்கல் வரிசை போல் பாதிக்குப் பாதி தள்ளிப் போட்டால் விளிம்பு ஏறி இறங்கிக் காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் போதும்.

மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டுபவர்: சீனாவில் இருக்கிறதாமே, நம் வீட்டுக்கு வராதா?

பிரைட் டிரீம் ரோபாட்டிக்ஸ் என்ற சீன நிறுவனம் செய்திருக்கிறது. அதற்கு முன்பே சிங்கப்பூரில் சூரிச் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றும் முயன்றது. ஆனால் 10x12 அறைக்குள் இயந்திரத்தை ஏற்றி லேசரைச் சரிசெய்வதற்குள் நல்ல மேஸ்திரி பாதி அறையை முடித்துவிடுவார். புதிதாகப் போட்ட டைல்ஸ் மேல் ஏறக்கூடாது என்பதால் இயந்திரம் வாசலை நோக்கிப் பின்வாங்கியே வர வேண்டும். கடைசி வரிசை எப்படியும் கைவேலைதான். கல்யாண மண்டபம், பள்ளிக்கூட வராந்தா என்றால் சொல்லுங்கள், அங்கே லாபம் உண்டு.

அவரே: பாத்ரூம்?

வேண்டாம். வாட்டமும் வெட்டுத்துண்டும் அதிகம்.

நெல்லிக்குப்பம் டைல்ஸ் மேஸ்திரி: எங்க பொழைப்பு போயிடுமா சார்?

மூலை, வெட்டு, வாட்டம், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் எல்லாம் உங்களிடம்தான் இருக்கும் மேஸ்திரி. எனக்கு உங்கள் முட்டியும் இடுப்பும்தான் கவலை. 2x2 பெட்டி ஒன்று 30 கிலோ பக்கம் வரும், அதை மாடிக்குச் சுமக்கிறீர்கள். இயந்திரம் முதலில் அந்தச் சுமையைத்தான் வாங்க வேண்டும். லாஸ்பேட்டை தம்பிகளே, வரைபடம் போடும்போதே இவரைப் போன்ற ஒருவரைக் கூலி கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மேஸ்திரி, அதுவரை 4x2 தூக்கக் கைப்பிடி வைத்த உறிஞ்சுக் கப் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கிறது.