வெளிநாட்டுக் கோடை முகாமில் தன்னார்வலராகச் செல்வது அங்குள்ள குழந்தைகளுக்கு நல்லதா?

ஆதரவற்ற குழந்தைகளுக்காக வெளிநாடுகளில் நடக்கும் கோடை முகாம்களில் தன்னார்வலராகச் சேர்வது நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். பள்ளி விடுமுறையில் இரண்டு, மூன்று வாரம் ஆதரவற்றோர் இல்லக் குழந்தைகளோடு தங்கி, விளையாட்டும் கைவேலையும் சொல்லிக்கொடுக்கும் ஊதியமில்லாப் பணி அது.

இதற்கு விடை காண ருமேனியாவின் அனுபவம் உதவும். அங்கே 1989இல் சர்வாதிகாரி சவுசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தனர். அந்நாட்டின் தலைநகர் புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கி 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றவர்கள் இல்லத்திலேயே இருந்தவர்களைவிடப் பேச்சிலும் அறிவு வளர்ச்சியிலும் தேறியிருந்தனர். மாறாத சிலரின் கவனிப்பு, குடும்பங்களுக்குச் சென்ற அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்திருந்தது. முன்பின் அறியாத ஒருவர் வாசலில் வந்து நின்றதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும் குழந்தையைக் கண்டு நாம் நெகிழ்ந்துபோகிறோம். ஆனால் யாரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பழக்கம், ஒருவரிடமும் உறுதியாகப் பற்று வைக்க வாய்க்காததன் அடையாளமாகவும் இருக்கக்கூடும். வேர் பிடிப்பதற்குள் மறுபடியும் மறுபடியும் பிடுங்கி நடப்படும் நாற்றின் நிலைதான் அது. ஆகவே, நிரந்தரப் பணியாளர்களுக்குத் துணையாக நின்று, அதே முகாமுக்கு ஆண்டுதோறும் திரும்பிச் செல்பவரின் உதவியையே நான் பெரிதாக மதிப்பேன் (புகைப்படத்துக்காகச் செல்பவர் கணக்கில் வரமாட்டார்).

இல்லங்களில் இருப்போர் அனைவரும் பெற்றோரை இழந்தவர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவர்களுள் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார், பல நேரங்களில் வறுமையே பிள்ளையை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.