காற்று விழுந்த பிறகுதான் கவனம்

தங்கச்சி, உங்கள் கேள்வியை வற்றாப்பளையில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். வெளியே மார்கழி மழை விடாமல் பெய்கிறது. பொங்கல் முடிய சுவிசுக்கு, அல்ட்டோர்ஃபில் இருக்கிற கணவரிடம் போகிறீர்கள். மலைகளுக்கு நடுவில் உள்ள ஊர், காற்று மோசம் என்கிறார்கள், அந்தக் குளிர்காற்றை எப்படித் தாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2010இல் இருந்து அதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறேன். குளிருக்கு உடுப்பு இருக்கிறது, அதை இரண்டு கிழமையில் பழகிவிடுவீர்கள். அங்கே நீங்கள் பழகவேண்டியது சூடான காற்றுக்கு.

அதை அங்கத்தைய ஆட்கள் ஃபோயன் என்பார்கள். தெற்கே இத்தாலிப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று அல்ப்ஸ் மலையில் ஏறும்போது மழையையும் பனியையும் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிடும். பிறகு காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்கும். இறங்கும் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை சூடேறும். அது தாண்டி வருகிற கொட்டார்ட் என்ற மலைக் கணவாய் 2,106 மீற்றர் உயரம், அல்ட்டோர்ஃப் 450 மீற்றர் அளவில் இருக்கிறது. மேலே பூச்சியத்தில் உறைந்து நிற்கிற காற்று கீழே வரும்போது எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஆனி ஆடியில் மட்டக்களப்பில் அடிக்கிற கச்சான் காற்றும் மலைநாட்டைத் தாண்டி இப்படித்தான் சுடச்சுட இறங்குகிறது. அந்தக் காற்றை நடுத் தையில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதன் இரைச்சலைப் பற்றி எனக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். முதல் முறை அது அடித்தது நடுச்சாமத்தில். யன்னல் அடைப்புகள் படபடவென்று அடித்தன, மலைப் பக்கமிருந்து ஒரே உறுமல். நான் எழும்பி, லைட் போடாமல், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பத்திரங்கள் வைத்திருந்த பையை மடியில் வைத்தபடி கதவடியில் விடியும்வரை இருந்தேன். தறப்பாளுக்குக் கீழே படுத்த மாதங்கள் முடிந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. உங்களுக்கும் அப்படி வரலாம். வந்தால் அவரை எழுப்புங்கள், லைட்டைப் போடுங்கள், தேத்தண்ணி வையுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது வெறும் காற்று என்று உடம்புக்குத் தெரிய எனக்கு இரண்டு குளிர்காலம் எடுத்தது.

சரி, வீட்டு விஷயம். ஃபோயன் வரப்போகிறது என்று சொன்னால் பல்கனியில் உள்ள பூச்சாடி, உடுப்புக் காயப்போடும் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள். 100 கிலோமீற்றர் வேகத்துக்கு மேலேயும் அடிக்கும். வெளியில் நெருப்பு மூட்டவே கூடாது. பக்கத்து மாநிலத்தில் கிளாறுஸ் என்ற ஊர் 1861 மே மாதம் இந்தக் காற்றில்தான் பெரும்பகுதி எரிந்துபோனது, அதனால் இன்றைக்கும் இதில் கண்டிப்பாக இருப்பார்கள். ஏரிக்கரையில் செம்மஞ்சள் விளக்கு மினுங்கும். நிமிடத்துக்கு 40 தரம் என்றால் கவனம், 90 தரம் என்றால் புயல், கரையை விட்டு வந்துவிடுங்கள். அந்த நாட்களில் தலையிடிக்கிறது என்று ஊர்ச் சனமும் சொல்லும், எனக்கும் இடிக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஆனால் பனி உருகி, வெயிலடித்து, 'ஆகா, குளிர் போய்விட்டது' என்று நினைக்கிற அந்த நாளுக்கு அடுத்த விடியல்தான் ஆபத்து. காற்று திடீரென்று விழும், பின்னால் குளிர் ஓடிவரும், உருகிய தண்ணீர் இரவோடிரவாக உறையும். றோட்டு ஈரமாக இருப்பதுபோலத்தான் தெரியும். விடிய ஐந்து மணி வேலைக்கு அவசரமாக இறங்கி, வாசலின் மூன்றாவது படியில் சறுக்கி மணிக்கட்டை முறித்தேன். ஆறு கிழமை இடது கையால் பிள்ளைக்குத் தலை இழுத்தேன். இப்போது முதல் படியில் நின்று, கைபிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் தேய்த்துப் பார்த்துத்தான் இறங்குவேன். நடக்கும்போது எட்டி வைக்காதீர்கள். வயல் வரம்பில் மழைக்குள் நடப்பதுபோல, பாதம் முழுதையும் பதித்து, சின்னச் சின்ன அடி.

இன்னொன்று, குளிர் என்று யன்னலை நாள் முழுக்கப் பூட்டி வைக்காதீர்கள். சமைக்கிற ஆவி சுவரில் பூஞ்சணமாகப் பிடிக்கும், வீட்டுக்காரரோடு சண்டை வரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், ஐந்து நிமிடம், அகலத் திறந்துவிட்டுப் பூட்டுங்கள். ஃபோயன் அடிக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம், யன்னலையே பிடுங்கிவிடும்.

சப்பாத்தை இங்கே முல்லைத்தீவில் வாங்காதீர்கள். அடிப்பாகம் அந்த ஐசுக்குப் பிடிக்காது. உங்கள் கால் அளவை அவருக்கு இப்போதே அனுப்பி, ஒரு சோடியை விமான நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.