வீட்டுப் பவளத்தொட்டியில் குள்ளக் கோபி மீன்களை வளர்க்கலாமா?

முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் நீர் அள்ளி வந்து, அரிதான குள்ளக் கோபிகளை வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்க்கலாம். ஆனால் களப்பு நீர் வேண்டவே வேண்டாம். மாரி மழையில் அதன் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பவளத்தொட்டி நீரின் அடர்த்தி (நன்னீர் 1 என்றால்) 1.025 அளவில் அசையாமல் நிற்க வேண்டும்.

வன்னி வெயிலில் நீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகவே ஆவியாகிக் குறைந்துபோன அளவுக்கு ஆர்.ஓ. (நுண்சவ்வால் வடித்த) நன்னீரை மட்டும் தினமும் ஊற்றுங்கள். கிணற்று நீரில் நைத்திரேற்று இருந்தால் பாசி மண்டிவிடும். மீன் விடுமுன் 4 முதல் 6 வாரங்கள் பொறுத்திருங்கள். கழிவை மாற்றும் பற்றீரியா அதற்குள் பெருகும்.

உணவில்தான் பலர் தவறுகிறார்கள். 2 சென்றிமீற்றர் மீனின் வாய்க்குச் சாதாரணக் குருணை உணவே பெரிது. உப்புநீர்ப் போத்தலில் ஆட்டீமியா என்ற இறால் போன்ற நுண்ணுயிரியின் முட்டைகளைப் பொரிக்க வைத்தால், ஒரு நாளில் செம்மஞ்சள் புள்ளிகளாகக் குஞ்சுகள் நீந்தும். அவற்றைத் துளித்துளியாக விடுங்கள். கோபி கல்லில் ஒட்டியபடியே கண்ணை உருட்டிப் பார்க்கும். விரலகலம் பாய்ந்து கவ்வி, அதே கல்லுக்குத் திரும்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது!

எவியோட்டா சிகிலாட்டா என்ற கோபியின் முழு ஆயுளே அதிகபட்சம் 59 நாள். வாங்குமுன் இனத்தை விசாரியுங்கள். மின்தடைக்கு, பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று கட்டாயம் வேண்டும்.